குறி மாறும் கன்னி, குறி மாறாத தனுசு

பால்வழியின் நடுவிலுள்ள தனுசு ஏ* என்னும் கருந்துளையின் நிறை 40 லட்சம் சூரியன்கள். தொலைவு 27,000 ஒளியாண்டு. கன்னிக் கொத்திலுள்ள எம்87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுக் கருந்துளைக்கு நிறை 650 கோடி சூரியன்கள், தொலைவு 5.5 கோடி ஒளியாண்டு. நிறையில் எம்87 ஏறத்தாழ 1,600 மடங்கு பெரியது, தொலைவில் 2,000 மடங்கு தள்ளி நிற்கிறது. இரண்டு மடங்குகளும் ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துவிடுவதால், பூமியிலிருந்து பார்க்கும்போது இரண்டின் ஒளி வளையங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரிகின்றன: தனுசு 52 மைக்ரோ ஆர்க்விநாடி, எம்87 42. வேறு எந்தக் கருந்துளையின் வளையத்தையும் இன்றுவரை நாம் படமெடுத்ததில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வது ஒரு விதத்தில் வானமே.

காலத்தில் மட்டும் இந்தச் சமன்பாடு நிற்பதில்லை. கருந்துளை சுழலவில்லை என்று கொண்டால், தனுசு ஏ-வின் (அந்த உடுக்குறியை இனி விட்டுவிடுகிறேன்) மிக உட்புறமுள்ள நிலையான பாதையில் வாயு ஒரு சுற்றுச் சுற்ற அரைமணி நேரம் போதும். எம்87-இல் அதே சுற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எனவே முன்னது சஞ்சலமானதாகவும் பின்னது நிதானமானதாகவும் இருக்க வேண்டும். படமெடுத்தவர்களின் அனுபவமும் அதுவே: எம்87 ஓர் இரவு முழுவதும் அசையாமல் இருந்தது, தனுசு ஏ நிமிடத்துக்கு நிமிடம் முகம் மாற்றியது.

ஆனால் ரேடியோ அலைகளின் தளவிளைவை, அதாவது அவற்றின் அதிர்வுத் தள ஒழுங்கை, அதிலும் குறிப்பாக ஃபாரடே சுழற்சியை அளந்தால் கதை தலைகீழாகிறது. தனுசு ஏ-வின் சுழற்சி அளவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 லட்சம் ரேடியன், அதுவும் எதிர்க்குறியோடு. மில்லிமீட்டர் அலைநீளத்தில் முதன்முதலாக அளந்த 2000-களின் தொடக்கத்திலிருந்து அந்த எண் மணிக்கு மணிகூட ஏறி இறங்கியிருக்கிறது. சராசரி மட்டும் எதிர்ப்பக்கத்தை விட்டு நகரவில்லை. அரைமணிச் சுற்று என்ற கணக்கில் பார்த்தால் இடைப்பட்ட காலத்தில் உள்வட்ட வாயு 3 லட்சம் முறைக்கு மேல் சுற்றி முடித்திருக்கும். எம்87-இலோ, சிலியின் பாலைநிலத்திலுள்ள அல்மா அணி 2017-லும் 2018-லும் எடுத்த 1.3 மில்லிமீட்டர் அளவீடுகளில் சுழற்சி அளவை நேர்குறியில் 1.5 லட்சத்திலிருந்து எதிர்க்குறியில் 4.1 லட்சம் வரை போய்விட்டது. எம்87-இன் கடிகாரத்தில் ஓராண்டு என்பது பத்துப் பதினொரு சுற்றுதான். வேகமானது குறியைக் காக்கிறது. மெதுவானது குறியை மாற்றுகிறது. இந்த முரண்பாட்டுக்குள்தான் கருந்துளைகளின் சுற்றுப்புறம் பற்றிய செய்தி ஒளிந்திருக்கிறது.

சுழற்சி அளவை எதைச் சொல்கிறது என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. காந்தப்புலம் ஊடுருவிய வாயுவின் வழியே ரேடியோ அலை வரும்போது, அதன் அதிர்வுத் தளம் திரும்புகிறது; ஃபாரடே சுழற்சி அதுதான். திரும்பும் கோணம் அலைநீளத்தின் இருமடியோடு வளர்கிறது. வழியிலுள்ள எலெக்ட்ரான்களின் அடர்த்தியும், பார்வைக் கோட்டை ஒட்டிய காந்தப்புலமும் அந்த வளர்ச்சியின் வேகத்தை, அதாவது சுழற்சி அளவையை, முடிவு செய்கின்றன. புலம் நம்மை நோக்கியிருந்தால் நேர்குறி, விலகியிருந்தால் எதிர்க்குறி. பலரும் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்று இதில் உண்டு. ஒளியின் வேகத்தை நெருங்கும் சூடான எலெக்ட்ரான்கள் இந்தத் திருப்பத்தில் பெரிதும் பங்கெடுப்பதில்லை. கருந்துளையை ஒட்டி அலைகளை உமிழ்பவை அவைதான். அலைகளைத் திருப்புபவை பெரும்பாலும் சற்று வெளியே, சற்றுக் குளிர்ந்து கிடப்பவை. ஆகவே உமிழ்வின் செறிவும் சுழற்சி அளவையும் ஒரே கருந்துளையைப் பற்றிப் பேசினாலும், அதன் ஒரே இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இரண்டுக்கும் தளவிளைவு அறிமுகமான விதமே நேரெதிரானது. எம்87-இல் அது தாராளமாகக் கிடைத்தது. 1918-இல் ஹீபர் கர்ட்டிஸ் கண்டு குறித்து வைத்த நேரான ஒளிக்கீற்றை (எம்87-இன் தாரையை) 1956-இல் வால்ட்டர் பாடே ஆராய்ந்து, அதன் ஒளி வலுவாகத் தளவிளைவுற்றது என்று காட்டினார். காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களே அந்தத் தாரையை ஒளிரச் செய்கின்றன என்ற ஷ்க்லோவ்ஸ்கியின் கருத்து அதனால் உறுதியானது. தனுசு ஏ-விலோ தளவிளைவு இல்லாமையே முதல் செய்தி. சென்டிமீட்டர் அலைநீளங்களில் எவ்வளவு தேடியும் நேர்கோட்டுத் தளவிளைவு அகப்படவில்லை. மாறாக 1999-இல் வட்டத் தளவிளைவு கிடைத்தது. சாதாரணமாக ரேடியோ மூலங்களில் நேர்கோட்டு வகை மிகுந்தும் வட்ட வகை அருகியும் இருக்கும். இங்கே வரிசை புரண்டிருந்தது.

தேடியவர்கள் தவறான அலைநீளத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது 2000-இல் தெரிந்தது. ஹவாயியின் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கி, மில்லிமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களில் நேர்கோட்டுத் தளவிளைவைக் கண்டது. பரந்த பார்வைப் பரப்பில் தூசியின் பங்கும் கலந்திருந்ததால் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2003-இல் தொலைநோக்கி அணி ஒன்று 1.3 மில்லிமீட்டரில் 7 விழுக்காடு அளவுக்கு அதை உறுதிசெய்த பிறகு சந்தேகம் அடங்கியது. கணக்குப் போட்டால் காரணமும் விளங்கும். 5 லட்சம் என்ற சுழற்சி அளவை 1.3 மில்லிமீட்டர் அலையின் தளத்தை 45 பாகைக்குச் சற்று மேல் திருப்பும். 6 சென்டிமீட்டர் அலையை 280 முழுச் சுற்றுகளுக்கு மேல் திருப்பும். அருகருகே வரும் கதிர்களில் சுற்று எண்ணிக்கை சிறிது வேறுபட்டாலும் தளங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

கிடைத்த அந்த 7 விழுக்காட்டை வைத்து ஒரு பெரிய வாதம் எழுந்தது. சந்திரா ஊடுகதிர்த் தொலைநோக்கி காட்டும் சூடான வாயுவிலிருந்து கணித்தால், தனுசு ஏ ஆண்டொன்றுக்குச் சூரிய நிறையில் 10 லட்சத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வரை வாயுவைப் பிடிக்க வேண்டும். (அந்தத் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த சுப்ரமணியன் சந்திரசேகர்தான், தளவிளைவை எண்களாக எழுதும் ஸ்டோக்ஸ் அளவுகளை 1940-களில் வானியலுக்குள் கொண்டுவந்தவர். ஊடுகதிரும் தளவிளைவும் ஒரே வழக்கில் எதிரெதிர்ச் சாட்சிகளாக நிற்கும் இந்த இடத்தில் அவர் பெயர் இருபுறமும் வருவது தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கத் தக்கது.) அவ்வளவு வாயுவும் கருந்துளை வரை வந்து சேர்ந்தால், ஃபாரடே சுழற்சி அந்த 7 விழுக்காட்டை எப்போதோ கலைத்திருக்கும். கலையவில்லை; எனவே வாயு வந்து சேரவில்லை. சுழற்சி அளவையிலிருந்து பெற்ற வரம்பு, காந்தப்புலத்தின் ஒழுங்கைப் பொறுத்து, ஆண்டுக்கு 1,000 கோடியில் 20 முதல் 2,000 பங்கு வரை.

எம்87-இலும் அதே வாதம் பத்தாண்டு கழித்து நிகழ்ந்தது. அங்கே ஊடுகதிர்க் கணக்கு ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு என்றது. ஹவாயியின் சப்மில்லிமீட்டர் அணி அளந்த சுழற்சி அளவையைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வு, ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அது எட்டாது என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வியப்பாக இருக்கிறது. கருந்துளைகளின் நிறை 1,600 மடங்கு வேறுபடுகிறது, வாசலுக்கு வரும் வாயுவின் அளவு 10,000 மடங்கோ அதற்கு மேலோ வேறுபடுகிறது. ஆயினும் இரண்டிடத்திலும் வாசலுக்கு வந்ததில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் உள்ளே போகிறது. பின்னர் வளையப் படங்களிலிருந்து பெற்ற விழுதல் வீதங்கள் (எம்87-க்கு 10,000-இல் 3 முதல் 20 பங்கு, தனுசு ஏ-வுக்கு 100 கோடியில் 5 முதல் 10 பங்கு) இந்தப் பழைய வரம்புகளோடு முரண்படவில்லை. படம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வெறும் கோணத் திருப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடிந்தது.

மிச்சமெல்லாம் எங்கே போகிறது? இங்கேதான் இரண்டுக்கும் இடையே நான் எதிர்பார்க்காத உறவைக் காண்கிறேன். மையத்திலிருந்து வரும் அலை ஒரே ஒரு பார்வைக் கோட்டின் மொத்தத்தையே சொல்லும். எந்தத் தொலைவில் எவ்வளவு வாயு என்று பிரித்துச் சொல்லாது. பிரித்துச் சொல்ல வேறொரு விளக்கு வேண்டும். இரண்டுக்கும் அப்படி ஒரு விளக்கு வாய்த்தது. தனுசு ஏ-வுக்கு அது 2013 ஏப்ரலில் திடீரென விழித்த ஒரு காந்த நியூட்ரான் விண்மீன். கருந்துளையிலிருந்து வானில் 3 ஆர்க்விநாடி மட்டுமே விலகியிருப்பது. எம்87-க்கு அதன் சொந்தத் தாரையே விளக்கு.

இரண்டு விளக்குகளும் எங்கே நிற்கின்றன என்று கருந்துளையின் ஆரத்தையே அளவுகோலாக வைத்துப் பாருங்கள். நியூட்ரான் விண்மீன் தனுசு ஏ-விலிருந்து வானத்தளத்தில் ஏறத்தாழ 3 லட்சம் ஷ்வார்ட்ஸ்சைல்ட் ஆரத் தொலைவில் இருக்கிறது. எம்87-இன் தாரையில் 2019-இல் சுழற்சி அளவையைத் தொடர்ந்து வரைந்த பகுதி 5,000 ஆரத்திலிருந்து 2 லட்சம் ஆரம் வரை நீள்கிறது. மண்டலங்கள் வேறு, நிறைகள் வேறு. சாட்சிகள் நிற்கும் இடம் மட்டும் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் கருந்துளையின் ஈர்ப்பு ஆட்சி தொடங்கும் வாசலில் நிற்கின்றன.

நியூட்ரான் விண்மீன் ஒரு புள்ளி. எனவே அது தந்தது ஓர் எண்: எதிர்க்குறியில் 66,960. அதுவரை பால்வழியில் தனுசு ஏ தவிர வேறெதற்கும் அவ்வளவு பெரிய அளவை கிடைத்ததில்லை. வாசலிலேயே பல மில்லிகாஸ் வலுவுள்ள காந்தப்புலம் இருப்பதை அது காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண் 3,500 வரை மாறியது. வழியிலுள்ள எலெக்ட்ரான்களின் மொத்தம் மாறவேயில்லை. அதாவது மாறியது வாயு அன்று, காந்தப்புலத்தின் போக்கு. தாரை ஒரு கோடு. எனவே அது தந்தது ஒரு சரிவு. மையத்திலிருந்து விலக விலகச் சுழற்சி அளவை ஒழுங்காகக் குறைந்தது, அதுவும் பெரும்பாலும் ஒரே எதிர்க்குறியில். அந்தச் சரிவிலிருந்து வாயுவின் அடர்த்தி தொலைவுக்கு நேர்மாறாகக் குறைகிறது என்று கணித்தார்கள். வாயு முழுவதும் உள்ளே விழுந்தால் அடர்த்தி இதைவிடச் செங்குத்தாக ஏற வேண்டும். ஏறாததற்குப் பொருள், வழியிலேயே பெரும்பங்கு காற்றாகக் கிளம்பி வெளியேறுகிறது என்பது. புள்ளியிடம் காலத்தைக் கேட்கலாம், இடத்தைக் கேட்க முடியாது. கோட்டிடம் இடத்தைக் கேட்கலாம். தனுசு ஏ-வில் இழப்பு எப்படி நடக்கிறது என்று விளக்க எம்87-இன் சரிவை இரவல் வாங்குகிறோம். எம்87-இன் வாசலில் புலம் எப்படித் துடிக்கும் என்று ஊகிக்கத் தனுசின் துடிப்பை இரவல் வாங்குகிறோம். இது நியாயமான கடன் என்றே நினைக்கிறேன்.

இப்போது குறிப் புதிருக்குத் திரும்பலாம். சாம்பிராணிப் புகைக்குப் பின்னால் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது என்றால், புகை இடையில் நிற்கிறதா, விளக்கின் திரியே புகைகிறதா என்று தொலைவிலிருந்து சொல்வது கடினம். முன்னதைப் புறத்திரை என்றும் பின்னதை அகத்திரை என்றும் வைத்துக்கொள்வோம். புறத்திரை விளக்கின் நடுக்கத்தைப் பொருட்படுத்தாது. அகத்திரை விளக்கோடு சேர்ந்து நடுங்கும்.

இந்த அளவுகோலில் எம்87 தெளிவாக அகத்திரைப் பக்கம். நாட்களிலும் மாதங்களிலும் அளவையும் குறியும் மாறுவது, திருப்பும் வாயு உமிழும் வாயுவோடு கலந்திருப்பதையே காட்டுகிறது. இதில் வேறொரு பொறியும் உண்டு. அல்மாவின் பார்வைப் பரப்புக்குள் வளையமும் தாரையின் அடிப்பகுதியும் ஒன்றாக விழுகின்றன. வெவ்வேறு தளங்களில் தளவிளைவுற்ற இரண்டு பகுதிகள், அலைநீளத்தோடு வெவ்வேறு விதமாக வலுவிழந்தால், இரண்டின் கூட்டுத்தளம் திரும்புவதுபோலத் தோன்றும். உண்மையில் எதுவும் திரும்பியிருக்காது. எனவே 2014-இன் விழுதல் வீத வாதம், திரை முழுவதும் மையத்துக்கு முன்னால் நிற்கிறது என்ற எளிய அனுமானத்தில் நின்றது. அந்த அனுமானம் பிறகு ஆட்டம் கண்டது. விடை தப்பவில்லை என்பது வேறு விஷயம். சரியான இடத்துக்கு நிச்சயமில்லாத பாலத்தின் மேல் நடந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தனுசு ஏ-வில் குறி நிலைத்திருப்பதால் புறத்திரை என்று உடனே தீர்ப்பெழுதத் தோன்றும். நியூட்ரான் விண்மீனின் அளவையும் அதே எதிர்க்குறி கொண்டிருப்பது அதற்கு வலு சேர்க்கும். வாசலிலுள்ள புலத்தின் திசையை, சுற்றியுள்ள வொல்ஃப்-ராயே விண்மீன்களின் காற்று கொண்டுவந்த புலத்தை, வாயு உள்ளே இழுத்துச் செல்லும்போதும் விடாமல் வைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் 2017-இன் அல்மா அளவீடுகளை 3 மில்லிமீட்டரிலும் 1.3 மில்லிமீட்டரிலும் ஒப்பிட்டு 2024-இல் வந்த ஆய்வு இந்த எளிமையைக் கெடுத்துவிட்டது. 3 மில்லிமீட்டரில் சுழற்சி அளவை மற்றதில் ஏறத்தாழப் பாதிதான். திரை முற்றிலும் வெளியே இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் உமிழ்வு சற்று வெளியேயிருந்து கிளம்புகிறது. அது தாண்டவேண்டிய வாயு குறைவு. அந்த வேறுபாடே பாதி என்றால், திருப்பத்தின் பாதி மிக உள்ளேயே நடக்கிறது.

ஆக இரண்டும் நாம் நினைத்ததைவிட நெருங்கிய உறவினர்கள். இரண்டிலும் அகத்திரை உண்டு; தனுசில் அதன் மேல் ஒரு நிலையான பங்கு ஏறி உட்கார்ந்து குறியைக் காப்பாற்றுகிறது, எம்87-இல் அப்படிக் காப்பாற்றும் பங்கு போதவில்லை.

வளையப் படங்களும் இந்த உறவையே காட்டின. நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் குழு எம்87-இன் தளவிளைவுப் படத்தை 2021 மார்ச்சிலும், தனுசு ஏ-வின் படத்தை 2024 மார்ச்சிலும் வெளியிட்டது. இரண்டிலும் தளக் கோடுகள் வளையத்தைச் சுற்றிச் சுருளாக வளைந்து கிடந்தன. இரண்டுக்கும் பொருந்திய மாதிரிகள், காந்தப்புலம் வலுவாகக் குவிந்து உட்பாயும் வாயுவை எதிர்த்துத் தள்ளும் வகையைச் சேர்ந்தவை. தனுசில் பெரிய தாரை எதையும் நாம் கண்டதில்லை; ஆனாலும் தாரையுள்ள எம்87-இன் புல அமைப்பே அங்கும். வேறுபாடு செறிவில்: எம்87-இல் தளவிளைவு அதிகமுள்ள இடத்தில் 15 விழுக்காடு, தனுசில் 40 வரை. தனுசில் புலம் அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, அகத்திரையும் அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று இதைப் படிக்கலாம். எம்87-இல் தளவிளைவு உள்ளேயே கலைந்து போகிறது.

திரையின் இடம் பற்றிய கேள்வி இங்கே வெறும் தத்துவ விசாரமாக நிற்பதில்லை. தனுசின் படத்தில் அந்த 45 பாகைச் சொச்சத்தைக் கழித்துவிட்டுச் சுருளைப் பார்க்க வேண்டுமா, கழிக்காமல் பார்க்க வேண்டுமா? திரை புறத்தே இருந்தால் கழிக்க வேண்டும், அகத்தே இருந்தால் கழிக்கக் கூடாது. கழித்தால் சுருளின் சாய்வு மாறும், பொருந்தும் மாதிரிகளும் மாறும். குழுவினர் இரண்டு வகையிலும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அது நேர்மை, கூடவே இந்தப் பிரச்சினை தீரவில்லை என்பதற்கான ஒப்புதலும்கூட. எந்தச் சாய்வு பொருந்தும் என்று சோதிக்கத் தனுசுக்கு ஒரு துணைச் சாட்சியம் உண்டு: 2017 ஏப்ரல் 11 அன்று ஓர் ஊடுகதிர் வெடிப்புக்குப் பின் அல்மா கண்ட தளவிளைவுத் திசை, 70 நிமிடத்தில் ஒரு சுற்று என்ற அளவில் வட்டமடித்தது; வாயு வானில் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி.

எம்87 தன் பங்குக்கு 2025-இல் இன்னொரு அதிர்ச்சி தந்தது. 2017, 2018, 2021 ஆகிய ஆண்டுகளின் படங்களை ஒப்பிட்டபோது வளையத்தின் அளவு மாறவில்லை; தளக் கோடுகளின் சுருளோ 2017-இல் ஒரு பக்கமும் 2021-இல் எதிர்ப்பக்கமும் வளைந்திருந்தது. சுழற்சி அளவையின் குறிதான் மாறும் என்று பார்த்தால், அங்கே சுருளே திசை மாறுகிறது. தனுசின் வட்டத் தளவிளைவோ 1999-இல் காட்டிய அதே கைப்பக்கத்தையே சென்டிமீட்டரிலிருந்து மில்லிமீட்டர் வரை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது.

என் தீர்ப்பு இது. எம்87-இன் சுழற்சி அளவை என்று ஒற்றை எண்ணை மேற்கோள் காட்டுவதை நிறுத்திவிடலாம். தேதியும் அலைநீளமும் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. தனுசு ஏ-வின் எண்ணை மேற்கோள் காட்டலாம், ஆனால் அதன் பாதியைத்தான் வெளியிலுள்ள வாயுவின் கணக்கில் எழுத வேண்டும்.